விற்று முடிந்த தீயணைப்பு வேன்

"தீயணைப்பு வேன் விற்பனைக்கு. ஒரே ஊர் வண்டி. ஷெட்டை விட்டால் தீ, தீயை விட்டால் ஷெட், வேறெங்கும் போனதில்லை. பம்ப், ஏணி, குழாய்கள் உட்பட." இப்படி எழுதி மாரென் இணையத்தில் போட்டுவிட்டாள். அவளுடைய அப்பா ரைன்ஹோல்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு, குளிர்காலத்தில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதையும் சேர் என்றார். விளம்பரத்தில் போய் யாராவது அதை எழுதுவார்களா என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மறைத்து விற்க மாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். ஆள் அப்படி. சட்டம், முறை என்று வந்துவிட்டால் பெற்ற மகள் என்றும் பார்க்க மாட்டார்.

விளம்பரம் போட்ட நாளிலிருந்து போன் ஓயவில்லை. ஒருவன் ஊர் சுற்றும்போது படுக்க உள்ளே கட்டில் போட இடம் இருக்குமா என்றான். இன்னொருவன் சாசேஜ் கடை வைக்கப் போகிறானாம், பக்கவாட்டில் வெட்டி ஜன்னல் வைக்கலாமா என்று கேட்டான். ரைன்ஹோல்ட் பட்டென்று போனை வைத்துவிட்டார். மாரெனை விட வயதில் மூத்த வண்டி அது. எங்கள் ஊர் கிரெம்பாக்கில் பாதிப் பேரின் வீட்டு வாசலுக்கு ஒரு முறையாவது அது வந்து நின்றிருக்கிறது. அதன் இடுப்பில் ஓட்டை போட்டு சாசேஜ் விற்பதா?

வண்டியை ஏன் விற்க வேண்டி வந்தது என்றால், ஆள் இல்லை. எங்கள் ஊரில் தீயணைப்பு என்பது சம்பள வேலை இல்லை. சங்கு ஊதினால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இப்போது வயதுப் பிள்ளைகள் எல்லாம் காலையிலேயே நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். பகலில் சங்கு ஊதினால் ஓடி வருவது முழங்கால் வலிக்காரர்கள்தான். பக்கத்து ஊரான லோரன்ஹெய்முக்குப் புதிதாக ஒரு பெரிய வண்டி வந்திருந்தது. அது இரண்டு ஊருக்கும் போதும், கிரெம்பாக் தீயணைப்புப் படையைக் கலைத்துவிடலாம் என்று மேலே முடிவு செய்தார்கள். படைத் தலைவர் என்ற முறையில் ரைன்ஹோல்டின் சம்மதத்தைக் கேட்டார்கள். வசந்த காலத்தில் நடந்த ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் கையைத் தூக்கினார்.

அப்போதுதான் அவருடைய அண்ணன் ஆல்வின் எழுந்தார். ஊருக்கு வெளியே மேட்டில் தனியாகப் பண்ணை வைத்து மாடு வளர்க்கிறவர். மனைவி இறந்த பிறகு மாடுகளோடு மட்டும்தான் ஒழுங்காகப் பேசுவார்.

"லோரன்ஹெய்ம் வண்டி என் மேடு ஏறுறதுக்குள்ள சாம்பல்தான் மிஞ்சும். அதை அள்ளித் தர நீ வருவியா?" என்றார். "சின்ன வயசுலயே நீ அப்படித்தான். எவன் பெரிய ஆளோ அவன் சொல்றதுக்குத் தலையாட்டுவ."

ரைன்ஹோல்டுக்குச் சுருக்கென்றது. அறுபது வயது மனுஷரை ஊர் முன்னால் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? அவரும் சும்மா இருக்கவில்லை.

"உன் ஒருத்தன் கொட்டகைக்காக ஊரே ஒரு வண்டியைக் கட்டிக்கிட்டு அழ முடியாது" என்றார்.

ஆல்வின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ரொட்டிக் கடையில் எதிரெதிரே பார்த்தாலும் ஒருவர் கண்ணாடி அலமாரியைப் பார்ப்பார், மற்றவர் தரையைப் பார்ப்பார். ஊர் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்ப் பார்த்துக் களைத்துவிட்டது.

பேச்சு நின்றது மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த வருஷம் இன்னொன்றும் நின்றது. மாட்டுக்குக் குளிர்காலத் தீனியாகப் புல்லை வெட்டிக் காயவைத்துக் கொட்டகையில் நிரப்புவார்கள் அல்லவா, அது சரியாகக் காயாமல் உள்ளே போனால் தானாகச் சூடேறும். வாரக்கணக்கில் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் வெந்து, ஒரு நாள் பற்றிக்கொள்ளும். எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். அதற்காகவே வேனின் பின்கதவில் ஆளை விட உயரமான ஒரு இரும்புக் கம்பி தொங்கும். நுனியில் வெப்பமானி. கோடையில் ரைன்ஹோல்ட் அதைத் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போய்ப் புல்லுக்குள் குத்திச் சூடு பார்ப்பார். யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. அவராகவே வருவார், பார்ப்பார், ஒரு வாய் சாராயம் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். முதல் வீடு எப்போதும் அண்ணன் வீடு. இந்தக் கோடையில் எல்லா வீட்டுக்கும் போனார், அண்ணன் வீட்டைத் தவிர.

அந்தக் கோடையோ சரியான மழைக் கோடை. புல் வெட்டினால் மழை, விரித்தால் மழை. மற்றவர்கள் புல்லைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்துத் தப்பித்தார்கள். ஆல்வின் மட்டும் பழைய வழக்கப்படி உதிரிப் புல்லாகவே கொட்டகையில் கூரை வரை அடைத்தார். பிளாஸ்டிக்கை என் மாடு தின்னாது என்று சொல்லிவிட்டாராம்.

வேனுக்கு ஒருவழியாக நல்ல ஆள் கிடைத்தார். வீகாண்ட் என்று பெயர், நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய வண்டிகள் மேல் பைத்தியம். கட்டில் போட மாட்டேன், வெட்ட மாட்டேன், கண்காட்சிக்கு மட்டும் ஓட்டிப் போவேன் என்றார். இரண்டாவது கியர் பற்றி ரைன்ஹோல்ட் சொன்னபோது, எனக்கும் குளிர்காலத்தில் முழங்கால் அப்படித்தான் என்று சிரித்தார். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. அன்றைக்கே வண்டிக்கு வழியனுப்பு விழாவும் வைத்துவிடலாம் என்று ஊரில் முடிவாயிற்று.

விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை, படையின் சாமான்கள் சிலவற்றை லோரன்ஹெய்மில் ஒப்படைத்துவிட்டு ரைன்ஹோல்ட் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். அண்ணன் பண்ணையை ஒட்டித்தான் பாதை. வேலி அருகே வந்ததும் மூக்கில் ஏறியது. சர்க்கரை தீய்ந்தால் வருமே, அந்த மணம். கூடவே லேசாகப் புகையிலை வாசனை. காலை ஊன்றி நின்றார். இத்தனை வருஷம் கம்பி தூக்கிய ஆளுக்கு அது என்ன மணம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கதவைத் தட்டுவதுதானே நியாயம்? தட்டவில்லை. தலையாட்டி என்று சொன்னவன் வாசலில் நானா போய் நிற்பது என்று ஒரு மனசு. அவனுக்கும் மூக்கு இருக்கிறது, நாற்பது வருஷம் மாடு வளர்த்தவன், வேண்டுமென்றால் கூப்பிடட்டும் என்று இன்னொரு மனசு. லோரன்ஹெய்ம்காரர்களிடம் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தார். சொன்னால் அவர்கள் நீல விளக்கைச் சுழலவிட்டு வந்து இறங்குவார்கள், தம்பி என்னைக் காட்டிக்கொடுத்தான் என்று ஆல்வின் ஊரெல்லாம் சொல்வார். காற்று திசை மாறியது, மணம் போயிற்று. ஒருவேளை நமக்குத்தான் பிரமையோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெடலை மிதித்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. அன்றும் மறுநாளும் தூக்கம் பிடிக்கவில்லை. விழா முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை எது ஆனாலும் ஆகட்டும் என்று கம்பியோடு போய்விடுவேன் என்று தீர்மானம் செய்துகொண்டார். அந்தத் தீர்மானத்தில் கொஞ்சம் நிம்மதியும் வந்தது. நம்மை ஏமாற்றுவதற்கு நம்மை விட்டால் ஆள் உண்டா?

சனிக்கிழமை நல்ல வெயில். ஷெட்டுக்கு முன்னால் மரத்தடியில் பெஞ்சு போட்டு, அடுப்பில் சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. பெண்கள் உருளைக்கிழங்கு சாலட்டும் பிளம்ஸ் கேக்கும் கொண்டு வந்தார்கள். வேனைக் கழுவித் துடைத்து, முன்னால் மாலை கட்டி நிறுத்தியிருந்தார்கள். நண்பகலில் ரைன்ஹோல்ட் வண்டியில் ஏறி, கட்டுப்பாட்டு அறையை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, கிரெம்பாக் படை இத்துடன் விடைபெறுகிறது, இனி லோரன்ஹெய்ம் பொறுப்பு என்று சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், நன்றி கிரெம்பாக், நல்லபடியா இருங்க என்றது. அவ்வளவுதான், கதை முடிந்தது. இறங்கும்போது அவர் கண்ணைத் துடைத்ததை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

வீகாண்ட் ரயிலில் வந்து இறங்கினார். தோள்பையில் தற்காலிக நம்பர் பலகைகளும், நீல விளக்கை மூடுவதற்கு இரண்டு கறுப்பு உறைகளும் இருந்தன. தனியார் கைக்குப் போன வண்டி நீல விளக்கைக் காட்டிக்கொண்டு ரோட்டில் போகக் கூடாதே. பீர் மேஜை மேலேயே கையெழுத்து ஆயிற்று. ரைன்ஹோல்ட் சாவியை அவர் கையில் வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தச் சாவி வண்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. யார் முதலில் ஓடி வருகிறாரோ அவர் ஏறிக் கிளப்ப வேண்டும் என்பதால் அது எப்போதும் வண்டியிலேயே தொங்கும். வீகாண்ட் அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டார்.

அடுத்தது குடி. இங்கே எங்கள் ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமோ, சாவுச் சாப்பாடோ, திருவிழாவோ, எதுவாக இருந்தாலும், சங்கு ஊதினால் ஓட்ட வேண்டுமே என்று வேன் டிரைவர்களில் ஒருவர் குடிக்க மாட்டார். அவருக்கு ஜூஸ்காரர் என்று பெயர். அவர் முன்னால் ஆப்பிள் ஜூஸ் பாட்டில் இருக்கும், முதல் சாசேஜ் அவருக்குத்தான். வேன் கனமான வண்டி என்பதால் அதை ஓட்டும் லைசென்ஸ் பழைய ஆட்களிடம் மட்டும்தான் இருந்தது, இளவட்டத்தின் புது லைசென்ஸ் அதற்குச் செல்லாது. ஆகவே பெரிசுகளுக்குள் முறை வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு முறை ரைன்ஹோல்டுடையது. பம்ப் இயக்கும் டீட்ஹெல்ம், தொந்தியும் தொண்டையும் பெரிசான ஆள், வழக்கம்போல ஜூஸ் பாட்டிலை அவர் முன்னால் கொண்டு வந்து வைத்தார்.

"இது எதுக்கு இன்னிக்கு? வண்டியே நம்மளது இல்ல. எரிஞ்சா லோரன்ஹெய்ம்காரன் பாத்துக்குவான். தலைவரே, ஒரு நாளாவது மனுஷனாட்டம் குடிங்க" என்றார் டீட்ஹெல்ம்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ரைன்ஹோல்டுக்கு மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. எழுந்து நின்று, இன்றைக்கு ஜூஸ்காரர் கிடையாது, எல்லோரும் குடியுங்கள் என்று அறிவித்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. முதல் கிளாஸை அவர் ஒரே மூச்சில் குடித்தார். இரண்டாவதையும் அப்படியே. நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் கரைந்த மாதிரி இருந்தது. பிறகு எத்தனை என்று அவருக்கே கணக்கில்லை.

புகையை முதலில் பார்த்தவர் வீகாண்ட். டீட்ஹெல்ம் அவருக்குப் பம்பின் குணநலன்களை விளக்கிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டிப் போக வேண்டுமே என்று வீகாண்ட் காப்பியோடு நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த மேட்டில் யாரோ குப்பை எரிக்கிறார்களோ என்று சாதாரணமாகக் கேட்டார். பெஞ்சு மொத்தமும் திரும்பியது. ரைன்ஹோல்ட் மட்டும் திரும்பவில்லை. திரும்பாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

சங்கு ஊதவில்லை. ஊர்ச் சங்கையும் நண்பகலோடு நிறுத்தியாயிற்று. மாரென் அவசர எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னாள். லோரன்ஹெய்ம் வண்டி கிளம்புகிறது என்றார்கள். ஆனால் உடம்புக்குப் பழகிப்போனது நிற்குமா? ஆட்கள் கிளாஸை வைத்துவிட்டு அரக்கப் பரக்க ஷெட்டுக்கு ஓடினார்கள். தீயணைப்புக் கோட்டுகளை எல்லாம் லோரன்ஹெய்முக்கு அனுப்ப மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். மூட்டையைக் கிழித்து எடுத்து மாட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி நின்றார்கள். டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் பெரிசுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

மாரெனும் படையில் ஒருத்தி; ஒரே தாவாகத் தாவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கு என்றார் ரைன்ஹோல்ட்.

"அப்பா, பெரியப்பா அங்க தனியா இருக்காரு."

"உனக்கு இந்த வண்டிக்கு லைசென்ஸ் கிடையாது. வழியில யாரையாவது அடிச்சுத் தூக்கிட்டா உன் வாழ்க்கையே போயிடும். இறங்கு."

அண்ணன் கொட்டகை எரிகிறது, இந்த மனுஷர் லைசென்ஸ் பேசுகிறார்! மகளை இறக்கிவிட்டுத் தானே ஏறப் படியில் கால் வைத்தார், கால் வழுக்கியது. மாரென் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். உங்கள் வாயிலிருந்து வருகிற நாற்றத்துக்கு நீங்கள் ஏறவே கூடாது என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க" என்றார் வீகாண்ட். சட்டைப்பையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சாவி என்கிட்டதான இருக்கு. வழியை மட்டும் சொல்லுங்க."

கிளம்பினார்கள். நீல விளக்கின் மேல் கறுப்பு உறை போட்டபடி, முன்னால் மாலை ஆட, நம்பர் பலகை பாதி மாட்டியும் மாட்டாமலும் வேன் மேடு ஏறியது. இரண்டாவது கியர் கோடையிலும் முரண்டு பிடித்தது. வீகாண்ட் மறுபடி போட்டார். மாரென் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, எதிரே வந்த டிராக்டர்காரனைக் கத்தி ஒதுக்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த யாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. உள்ளே பீர் வாடை குப்பென்று இருந்தது. ரைன்ஹோல்ட் கண்ணை மூடிக்கொண்டு, மாடுகள் வெளியே மேய்கிற நேரம், கொட்டகை போனால் போகட்டும், ஆல்வின் வெளியே இருந்தால் போதும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

ஆல்வின் வெளியே இல்லை. கொட்டகையின் பெரிய கதவு திறந்து கிடந்தது. உள்ளே புல்மேட்டின் உச்சியில் நின்றுகொண்டு, புல் அள்ளும் நீண்ட பிடிபோட்ட முள்கரண்டியால் புகைகிற புல்லை வாரி வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தார். வார வார உள்ளே காற்றுப் போகும், போகப் போக எரியும். அதை விட மோசம், வெந்த புல்லுக்குள் அடியில் குகை மாதிரி குழி விழுந்திருக்கும். மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது, கால் வைத்த இடம் அப்படியே உள்ளே போகும்.

"ஆல்வின், இறங்கி வா" என்று ரைன்ஹோல்ட் கத்தினார். "உள்ள குழி இருக்கும், இறங்கு."

ஆல்வின் திரும்பிப் பார்த்தார். முகம் கரியாக இருந்தது.

"உனக்கென்ன வேலை இங்க?" என்றார். "வித்துட்டல்ல. போ."

பேச்சு வார்த்தை இல்லாமல் போன மாதங்களுக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். மறுபடி முள்கரண்டியை ஓங்கினார்.

டீட்ஹெல்மும் மற்றவர்களும் பம்பை இழுத்து மாட்டுக் குளத்தின் கரையில் வைத்தார்கள். பம்ப் சத்தம் போட்டதே தவிர தண்ணீரை இழுக்கவில்லை. குழாயை மாட்டிய இடத்தில் சரியாக இறுகவில்லை, காற்றை உறிஞ்சியது. தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் டீட்ஹெல்ம் அதைச் செய்வார். அன்றைக்கு அவர் விரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தப்பு, தப்பு என்று முனகிக்கொண்டே அதே இடத்தைத் திருகிக்கொண்டிருந்தார். மாரென் ஓடி வந்து அவரைத் தள்ளிவிட்டு இறுக்கினாள். தண்ணீர் வருவதற்குள் உள்ளே ஆல்வின் அலறினார்.

இடுப்பு வரை உள்ளே போய்விட்டிருந்தார். இரண்டு கையாலும் புல்லைப் பற்றிக்கொண்டு மேலே வர எத்தனிக்க எத்தனிக்க இன்னும் இறங்கினார். ரைன்ஹோல்டுக்குப் போதை எல்லாம் எங்கே போயிற்றோ. வேன் கூரையிலிருந்த ஏணியை உருவினார். வீகாண்ட் மறுமுனையைப் பிடித்தார். ஏணியைப் புல்மேட்டின் மேல் படுக்க வைத்து, அதன் மேல் குப்புறப் படுத்து ரைன்ஹோல்ட் தவழ்ந்து போனார். எடை பரவினால்தான் புல் தாங்கும். கீழேயிருந்து வந்த அனல் கோட்டைத் தாண்டி நெஞ்சைச் சுட்டது. அண்ணனின் அக்குளில் கையைக் கொடுத்துப் பற்றிக்கொண்டார். பின்னாலிருந்து வீகாண்டும் இன்னும் இரண்டு பேரும் ஏணியோடு சேர்த்து இழுத்தார்கள். ஆல்வின் வெளியே வந்தபோது அவர் கால்களில் இருந்தது துணியா தோலா என்று தெரியவில்லை. அவர்களைக் கதவுக்கு வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் புல்மேடு முழுக்கக் குபீரென்று பற்றியது.

லோரன்ஹெய்ம் வண்டி வந்து வீட்டுச் சுவரை நனைத்தது. வீடு தப்பியது, கொட்டகை போயிற்று. அவர்களுடைய தலைவர் ரைன்ஹோல்டின் தோளில் கை வைக்க அருகே வந்தார், பீர் வாடையை முகர்ந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆல்வினை ஹெலிகாப்டரில் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ரைன்ஹோல்டுக்கு ஆரம்பித்ததுதான் நரகம். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. விற்ற வண்டியில் போய் அண்ணனைக் காப்பாற்றிய தம்பி என்று பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். தினம் யாராவது ஒருத்தி கேக்கோடு வந்து நிற்பாள். ஊர்த் தலைவி மெடலுக்கு எழுதிப்போட்டிருப்பதாகச் சொன்னார். டீட்ஹெல்ம் கதையைச் சொல்லச் சொல்ல அதில் தீ உயர்ந்துகொண்டே போயிற்று, பம்ப் தண்ணீர் இழுக்காத பகுதி மட்டும் வரவே இல்லை. யார் குடித்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் குடித்திருந்தார்கள். ரைன்ஹோல்ட் தலையைக் குனிந்துகொண்டு நன்றி நன்றி என்று மென்று முழுங்கினார். எவ்வளவு அடக்கமான மனுஷர் என்று அதற்கும் ஒரு புகழ்ச்சி. வியாழக்கிழமை மணம் மட்டும் அவர் மூக்கை விட்டுப் போகவில்லை. கேக் வெட்டும்போது கூட அதுதான் வந்தது.

காலையும் மாலையும் அண்ணன் மாடுகளை அவரேதான் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் மாலை வீகாண்ட் போன் செய்தார். வண்டியில் புகை வாடை போகவே இல்லை என்றார். அதை ஓட்டிக்கொண்டு கண்காட்சியில் நிற்கத் தனக்கு மனசு வரவில்லை, ஊருக்கு வேண்டுமானால் திருப்பிக் கொண்டு வந்து விடுகிறேன், பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். நல்ல மனுஷர். ஊரில் பாதிப் பேர் அதற்குத்தான் காத்திருந்தார்கள், வண்டியைத் திரும்ப வாங்கு என்று தெருவில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல சார்" என்றார் ரைன்ஹோல்ட். "அது அன்னிக்கும் சரியாத்தான் வந்துச்சு. நீங்களே வெச்சுக்குங்க."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதுவரை மயக்கத்தில் வைத்திருந்ததால் யாரையும் பார்க்க விடவில்லை. ஆல்வினின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். போர்வை அந்த இடத்தில் சப்பையாகக் கிடந்தது. ரைன்ஹோல்ட் அங்கே பார்க்காமல் இருக்கப் பார்த்தார், கண் அங்கேயே போயிற்று. மாடுகளைப் பற்றி ஆல்வின் கேட்டார். நான்தான் பார்த்துக்கொள்கிறேன், பால் குறைந்திருக்கிறது என்று இவர் சொன்னார். உன் கை அதுகளுக்குப் பிடிக்காது என்றார் அண்ணன். பக்கத்துக் கட்டில்காரர் பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறார் போல, உங்கள் தம்பி சிங்கம் என்று ஆல்வினிடம் சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியில் வெளியே போனார்.

ரைன்ஹோல்டுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான் வியாழக்கிழமை உன் வேலிகிட்ட நின்னேன்" என்றார். "மணம் வந்துச்சு. என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் உள்ள வரல. வீட்டுக்குப் போயிட்டேன். யாருகிட்டயும் சொல்லவும் இல்ல."

ஆல்வின் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"உள்ள வேகுதுன்னு எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் கூப்பிடல?"

"உன்னையா?" ஆல்வின் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வலியாலா வேறெதனாலா என்று சொல்ல முடியாது. "நீ வந்திருந்தா நான் கதவைத் தொறந்திருக்க மாட்டேன். நாயை அவுத்து விட்டிருப்பேன். வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். அதுக்காக நீ வராம இருந்துடுவியா? இத்தனை வருஷமும் நான் கூப்பிட்டுத்தான் கம்பியோட வந்தியா?"

நர்ஸ் வந்து, கட்டு மாற்ற வேண்டும், வெளியே இருங்கள் என்றாள். அவர் எழுந்து வெளியே போய் நின்றார்.